பனித்தரையில் ஐந்து திரி

இருங்கோ தம்பி, இருங்கோ. உந்தப் பலகை சரியாக் குளிரும், இந்தக் கம்பளியில பாதியை இழுத்துப் போட்டிட்டு இருங்கோ. நான் சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டு வாறனான். முதல் நாள் வாற ஆக்கள் எல்லாரும் உப்பிடித்தான், வெளியில வெயில் எறிக்குது எண்டு சும்மா ஒரு சட்டையோட உள்ளுக்கு வந்து நடுங்குவினம். ஐஸில சறுக்கிற பனிக்கூடம் எண்டா பனிக்கூடம்தானே.

உங்கட பிள்ளை எது? அந்த நீல ஹெல்மெற்றோ? விழுந்து விழுந்து எழும்புது, அதுவோ? விழட்டும், பயப்பிடாதையுங்கோ. முதல் மாசம் விழத்தான் பழக்குவா அந்தக் கோச். அவவைக் கண்டனீங்களே? கறுப்பு ஜக்கெற், கழுத்தில விசில். வடிவாப் பழக்குவா. பிள்ளையளோட கத்திக் கதைக்க மாட்டா.

அவ என்ர மகள். நிரோஜா. ஒரேயொரு மகள். ஒன்பது வருசமா என்னோட கதைக்கிறேல்லை.

ஓம், ஒன்பது வருசம். நான் இஞ்சை வாறது அவவுக்குத் தெரியும். கடைசி வரிசையில இருப்பன், தொப்பியை இழுத்து விட்டிட்டு. அவ மேலை பாக்கிறேல்லை. நான் கீழை போறேல்லை. ஒரு மணித்தியாலம் முடிய எழும்பி, பஸ் எடுத்து வீட்டை போயிடுவன். என்ர மனுசியும் இப்ப மகளோடதான், பேரப்பிள்ளையைப் பாக்கப் போனவ போனவதான். நாளுக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்துச் சாப்பிட்டனீங்களோ எண்டு கேப்பா. சாப்பிட்டனான் எண்டுவன். அவ்வளவுதான் கதை.

நீங்கள் புது ஆள். ஒரு பக்கமும் சாயாத ஆள். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்கோ, நான் செய்தது பிழையோ எண்டு. எல்லாரும் பிழை எண்டுதான் சொல்லினம். ஆனா அவையில ஒருத்தர்கூட சங்கத்தின்ர யாப்பை, அந்தச் சட்டதிட்டத்தை, வாசிச்சதில்லை.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, பதினாலு வருசம் கிளார்க்கா இருந்தனான். அருளம்பலம் கையில ஒரு கடிதம் போனால் அது துலையாது எண்டு அரசாங்க அதிபரே சொல்லுவார். இஞ்சை வந்து ஒரு கட்டிடத்தில செக்குரிற்றி வேலை. அங்கையும் வாற போற ஆக்களின்ர பேரைக் கொப்பியில எழுதுறதுதான் வேலை. பதிவு எண்டா எனக்குச் சோறு மாதிரி. ஹொக்கி எனக்குத் தெரியாது. இண்டைக்கும் பாதி விளங்காது. ஆனா பிள்ளை ஆறு வயசில பள்ளிக்கூடத்தோட பனியில இறங்கினா, இறங்கினவ ஏறேல்லை. எட்டு வயசில கோல் காக்கத் தொடங்கினா. விடிய ஐஞ்சரைக்குப் பயிற்சி, நான்தான் கொண்டுபோறது. அந்தப் பெரிய பையை நான்தான் காவுறது. அவ உள்ளுக்கு நிக்க நான் வெளியில கோப்பியோட இருப்பன். சும்மா இருக்கேலாத மனுசன் நான். லைபிரறியில ஒரு தடிச்ச புத்தகம் எடுத்தன், ஐஸ் ஹொக்கியின்ர சரித்திரம். நாடுகளுக்கிடையில நடந்த முதல் போட்டியளைப் பற்றி. ஆர் அடிச்சது, எத்தினை கோல் எண்டதை நான் தள்ளிப்போட்டன். ஆர் சம்மேளனத்தில சேர்ந்தது, எப்ப சேர்ந்தது, ஆர் ஆட்சேபனை குடுத்தது, அதைத்தான் வாசிச்சன்.

சிரிக்காதையுங்கோ. அதில நல்ல விசயங்கள் இருக்கு. ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டில பரிசில கூடிச் சம்மேளனம் துவங்கினவை. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தில சுவிஸ் மலையில ஒரு சின்ன ஊரில முதல் ஐரோப்பியக் கிண்ணம். அடுத்த வருசம் பேர்ளினில. அதில ஆர் வெண்டது தெரியுமே? பொகீமியா. இப்பத்தைய செக் நாட்டுச் சனம். அப்ப அவைக்கெண்டு சொந்த நாடு இல்லை, இன்னொரு பெரிய ராச்சியத்துக்குக் கீழை கிடந்தவை. நாடு இல்லை, ஆனா ரீம் இருக்கு. ஜேர்மன்காரன்ர ஊரில போய் நிண்டு வெண்டு போட்டு வந்தவை.

இதை வாசிச்ச அண்டைக்கு எனக்குக் கோப்பி இறங்கேல்லைத் தம்பி. அவைக்கு இருக்கேலுமெண்டால் எங்களுக்கு ஏன் இருக்கேலாது? இஞ்சை ரொறன்ரோவில எங்கட பெடியள் பெட்டையள் விளையாடுதுகள். லண்டனில விளையாடுதுகள். நோர்வேயில பிறந்ததுகள் நடக்க முதலே சறுக்குதுகள். டென்மார்க்கில ஹேர்னிங் எண்டு ஒரு ஊர், அங்கை எங்கட சனம் நிறைய. நான்தான் முதல் கடிதம் எழுதினது. நாலு ஊருக்கும் நான்தான் எழுதினது. உலகத் தமிழர் பனி ஹொக்கிச் சம்மேளனம். பேர் வைச்சதும் நான். யாப்பு எழுதினதும் நான், முப்பத்தொரு பக்கம். இரண்டு தமிழர் சேர்ந்தால் மூண்டு சங்கம் எண்டு பகிடி பண்ணுவினமெல்லோ, அதுதான் ஒரு ஓட்டையும் விடாமல் எழுதினனான். கச்சேரியில படிச்சது வீண் போகேல்லை எண்டு அப்ப நினைச்சன்.

தலைவரா ஒருத்தர் வேணும். விமலேந்திரன் எண்டு, வீடு வித்துக் குடுக்கிற ஏஜென்ற். பஸ் நிக்கிற இடமெல்லாம் அவற்ற படம் இருக்கும், பல்லைக் காட்டிக்கொண்டு. ஆளுக்கு ஹொக்கியும் தெரியாது, யாப்பும் தெரியாது, மைக்கைப் பிடிக்க மட்டும் தெரியும். நல்ல மனுசன், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அவர் தலைவர், நான் பொதுச் செயலாளர்.

பதினொரு வருசத்துக்கு முந்தி, பெப்ரவரி மாசம், மூண்டு நாட்டு ரீமும் வந்து இறங்கினவை, எங்கட ரீமோட நாலு. டென்மார்க் ரீமில மொத்தம் பதினொரு பேர், அவையைக் கூட்டிக்கொண்டு ஒரு ரீச்சர். மற்ற ரீமுகளில இருபது பேர். அந்தப் பதினொரு பேரும் டேனிஷிலதான் ஆளோட ஆள் கதைச்சவை. ஆனா என்னைக் கண்டோடனை வணக்கம் ஐயா எண்டு கையெடுத்துக் கும்பிட்டவை. ரீச்சர் பழக்கிக் கூட்டி வந்திருக்கிறா.

திறப்பு விழா எண்டால் மங்கள விளக்கு ஏத்தாமல் ஏலுமே? பனிக்கு மேலை சிவப்புக் கம்பளம் விரிச்சு, அதுக்கு மேலை குத்துவிளக்கு. அரினா மனேச்சர் வெள்ளைக்காரன் முதல்ல மாட்டன் எண்டவன். நெருப்பும் பனியும் ஒண்டாக் கூடாதாம். பிறகு நெருப்பணைக்கிற சிலிண்டரோட பக்கத்தில தானும் நிப்பன் எண்டு சொல்லி விட்டவன். நானும் முதல் வரிசையில நிண்டனான். வேட்டி கட்டி, உள்ளுக்கு இரண்டு காற்சட்டை போட்டு. ஐஞ்சு திரி. விமலேந்திரன் மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு ஆளாக் கூப்பிடுறார்.

முதல் திரி அவர். இரண்டாவது அவற்ற மனுசி. மூண்டாவது லண்டன் ரீமைக் கொண்டு வந்த சற்குணம். நாலாவது அண்டைக்குச் சாப்பாடு குடுத்த புட்டுக்கடை முதலாளி. எனக்கு விளங்கீட்டுது, ஐஞ்சாவதா என்னைக் கூப்பிடப்போறார், செயலாளர் எண்டு கடைசியாக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லப்போறார் எண்டு. நான் செருப்பையும் கழட்டீட்டன், தம்பி. கம்பளத்தில ஏறுறதுக்கு. சொக்ஸோட பனியில நிக்கிறன். விமலேந்திரன் சுத்திப் பாத்துப்போட்டு, அந்தச் சிலிண்டரோட நிண்ட மனேச்சரைக் கூப்பிட்டார். அவனுக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை, சிலிண்டரை என்ர கையில தந்துபோட்டுப் போய்த் திரியைக் கொளுத்தினான். எல்லாரும் கை தட்டிச்சினம். படம் எடுத்திச்சினம். அந்தப் படத்தில நானும் நிக்கிறன், சிலிண்டரோட.

அதை நான் பெரிசா எடுக்கேல்லை. சும்மா சொல்லுறன். பிறகு சனம் என்னென்னவோ கதைச்சதெல்லோ, அதுக்காகத்தான் சொல்லுறன். விளக்குக்காக நான் ஒண்டும் செய்யேல்லை.

இரண்டு நாள் போட்டி. ஆறு மட்ச். எங்கட பிள்ளையள் லண்டனை வெண்டவை, நோர்வேயை வெண்டவை. டென்மார்க்கும் லண்டனை வெண்டது, நோர்வேயை வெண்டது. அந்தப் பதினொரு பேரும் மாறி மாறி இறங்க ஆள் காணாமல் மூச்சு வாங்கி வாங்கி வெண்டவை. கடைசி மட்ச் எங்களுக்கும் டென்மார்க்குக்கும். இரண்டுக்கு ஒண்டு எண்டு நாங்கள் முன்னுக்கு நிக்கிறம். முடிய ஒரு நிமிசம் இல்லை, டென்மார்க் பெடியன் ஒருத்தன் தனிய வாறான், எங்கட ஆக்கள் எல்லாரும் அங்காலை நிக்கினம். அவனுக்கு முன்னால நிரோஜா மட்டும். பதினேழு வயசு. அவன் இடப்பக்கம் காட்டிப்போட்டு வலப்பக்கம் அடிச்சான். இவ காலை நீட்டி விழுந்து கிடந்து மறிச்சா. சத்தம் கேட்டது, தம்பி, மரத்தில கோடாலி பட்ட மாதிரி. நான் அப்பத்தான் என்ர வாழ்க்கையில முதல் தரம் ஒரு ஹொக்கி மட்சில எழும்பி நிண்டு கத்தினனான். என்ன கத்தினனான் எண்டு தெரியாது. மனுசி பிறகு சொன்னா, கொப்பன்ர குஞ்சு, கொப்பன்ர குஞ்சு எண்டு கத்தினனானாம்.

கிண்ணத்தை அவவின்ர கையிலதான் குடுத்தவை. ரீம் சொல்லிச்சுது அவவே வாங்கட்டும் எண்டு.

அடுத்த நாள் காலமை நிர்வாக சபைக் கூட்டம். சும்மா நன்றி சொல்லிக் கலையிற கூட்டம், தேத்தண்ணியும் வடையும். அங்கை எழும்பினார் லண்டன் சற்குணம். டென்மார்க் அங்கத்துவ நாடு இல்லை, அவையிட்டை நாங்கள் தோத்தது கணக்கில சேராது, எங்களுக்குத்தான் இரண்டாமிடம் எண்டு. அவருக்கு வேண்டியிருந்தது இரண்டாமிடம். லண்டனில போய் இறங்கேக்கை பதினொரு பேரிட்டைத் தோத்தம் எண்டு சொல்லேலாதெல்லோ.

விமலேந்திரன் சிரிச்சார். "என்ன அண்ணை, அவை விண்ணப்பம் போட்டவைதானே, நானே கண்டனான்" எண்டார்.

விண்ணப்பம் வந்ததுதான். இரண்டு மாசத்துக்கு முந்தியே வந்தது. ரீச்சர் வடிவான கையெழுத்தில நிரப்பி, மூண்டு பேர் ஒப்பம் வைச்சு அனுப்பினவ. என்ர மேசை லாச்சிக்குள்ளதான் இருந்தது. ஆனா தம்பி, யாப்பு ஏழாம் பிரிவு, நாலாம் உபபிரிவு: விண்ணப்பத்தைச் செயலாளர் சபை முன் வைத்து, சபை ஏற்ற திகதியிலிருந்தே அங்கத்துவம் செல்லும். சபை எங்கை கூடினது? இரண்டு தரம் நான் கூட்டம் கூப்பிட்டனான், இரண்டு தரமும் விமலேந்திரன் வீடு காட்டப் போயிட்டார், கூட்டம் நடத்தக் காணுற அளவு ஆள் இல்லை, கோரம் இல்லை. கோரம் இல்லாமல் நான் எப்பிடி முன்வைக்கிறது? ரெலிபோனில கேட்டு எடுத்திருக்கலாமே எண்டு மனுசி கேட்டா. ரெலிபோனில எடுக்கிறது சபையே? வந்தவையை விளையாட விடாமல் மறிச்சிருக்கலாமே எண்டும் கேட்டா. விருந்தாளியை வாசலில மறிக்கிறதே?

சபை என்னைத்தான் பாத்தது. செயலாளர் என்ன சொல்லுறார் எண்டு. நான் பையைத் திறந்தன். அந்தப் புத்தகத்தில இருந்து ஒரு பக்கம் கொப்பி எடுத்து வைச்சிருந்தனான். ஏன் வைச்சிருந்தனீங்கள் எண்டு கேக்காதையுங்கோ, நான் எல்லாத்தையும் வைச்சிருக்கிற மனுசன். எழும்பி வாசிச்சன். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு, பெப்ரவரி, பிராக் நகரம். மூண்டு நாடு விளையாடினது. பொகீமியா வெண்டது. இரண்டாவதா வந்த ஜேர்மனி ஆட்சேபனை குடுத்தது, ஒஸ்ரியா விளையாடேக்கை சம்மேளனத்தில அங்கத்தவர் இல்லை எண்டு. சம்மேளனம் விசாரிச்சுப் பாத்தது. ஓம், இல்லைத்தான். முழுப் போட்டியையும் ரத்துச் செய்தவை. ஒரு நாட்டின்ர மட்சுகளை இல்லை, முழுசா. அந்த வருசம் கிண்ணம் ஆருக்கும் இல்லை.

நான் வாசிச்சு முடிச்சன். சற்குணத்துக்கே முகம் கறுத்துப் போச்சு. "அண்ணை, நான் அவ்வளவு கேக்கேல்லை, இரண்டாமிடம்தான் கேட்டனான்" எண்டார். விமலேந்திரன் மேசையில அடிச்சார். "அருளம்பலம் அண்ணை, உங்கட பிள்ளையல்லோ வெண்டது?" எண்டு கேட்டார்.

அந்த இடத்தில நீங்களா இருந்தால் என்ன சொல்லியிருப்பியள்? என்ர பிள்ளை வெண்டதெண்டு நான் யாப்பை மடிச்சு வைச்சால் நாளைக்கு ஆர் எங்களை மதிப்பினம்? நான் சொன்னன், என்ர பிள்ளை எண்டபடியாத்தான் நான் இன்னும் நேராய் நிக்க வேணும் எண்டு. சொல்லேக்கை எனக்கு உடம்பு சிலிர்த்தது, தம்பி. மெய்யாச் சொல்லுறன். அவ்வளவு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவை. விமலேந்திரனும் பாத்துக்கொண்டுதான் இருந்தவர். அப்ப அவருக்குச் செயலாளர் எண்டு ஒருத்தன் இருக்கிறது தெரிஞ்சிருக்கும்.

வாக்கெடுப்பு. பதினொரு பேர். ஆறுக்கு ஐஞ்சு. ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது, விளக்கேத்தப் புட்டுக்கடை முதலாளியைக் கூப்பிட்டு எங்களைக் கூப்பிடேல்லை எண்டு இரண்டு பேருக்கு மனத்தாங்கல். நான் ஆறாவது கை. ரத்து.

கிண்ணத்தைத் திருப்பி எடுக்கிறது செயலாளரின்ர பொறுப்பு. அதுவும் யாப்பில இருக்கு, நான்தான் எழுதினது. வெளியில காருக்குள்ள பிள்ளை இருந்தா, மடியில கிண்ணம். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதுக்கு மினுக்கிக்கொண்டு இருந்தா. நான் கதவைத் திறந்து சொன்னன், பிள்ளை, அதைத் தா, போட்டி ரத்தாப் போச்சு எண்டு.

அவ முதல்ல பகிடி எண்டுதான் நினைச்சா. பிறகு கேட்டா, "அப்பா, அவை விளையாடினவைதானே?"

"ஓம்."

"நான் மறிச்சனான்தானே?"

"ஓம் பிள்ளை, மறிச்சனிதான்."

"பிறகென்ன?"

"அது பதிவில இல்லை" எண்டன்.

கிண்ணத்தைத் தந்தா. டென்மார்க் ரீச்சர் எனக்கு ஒரு கடிதம் போட்டா பிறகு. மூண்டே மூண்டு வரி. பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது எண்டு தனக்குத் தெரியேல்லையாம். அதுக்கு நான் பதில் எழுதினனான், இரண்டு பக்கத்தில, பிரிவுகளைக் காட்டி. அதுக்கு மறுமொழி வரேல்லை. அடுத்த வருசம் ஒரு நாடும் வரேல்லை. சம்மேளனம் அதோட சரி. இப்ப சம்மேளனத்தில மிஞ்சியிருக்கிறது நானும் யாப்பும் கிண்ணமும்தான். கிண்ணம் பேஸ்மென்ற்றில, பெட்டிக்குள்ள.

ஆனா அதுக்காகப் பிள்ளை கதையை விடேல்லை. அதைத்தான் சனத்துக்குச் சொல்லி விளங்கப்படுத்தேலாமல் இருக்கு. அதுக்குப் பிறகும் இரண்டு வருசம் கதைச்சவ. குறைச்சுத்தான், தேத்தண்ணி வேணுமோ, காரை எடுக்கட்டோ எண்டு. ஆனா கதைச்சவ. கோபம் இருந்தது. அப்பா ஒரு சட்டப் பைத்தியம் எண்டு சிநேகிதப் பிள்ளையளுக்குச் சொல்லிச் சிரிச்சதை நானே கேட்டனான். சிரிச்சால் பிழையில்லை எண்டு இருந்தனான். சட்டப் பைத்தியம் எண்டால் அது ஒரு குற்றமே?

பிறகு யூனிவேசிற்றிக்குப் போக வெளிக்கிட்டா. பிறப்புச் சான்றிதழ் வேணும் எண்டு என்ர அலுமாரியைத் திறந்தா. என்ர பைல் எல்லாம் அகரவரிசை, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 'பிறப்பு' எண்ட பைலுக்கு முன்னால 'பிராக்' எண்ட பைல். அதை எடுத்திட்டா. அதுக்குள்ள இரண்டு தாள் இருந்தது.

ஒரு தாள், நான் சபையில வாசிச்ச தாள்.

மற்றது, அதே புத்தகத்தில இரண்டு பக்கத்துக்கு முன்னால. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்து, முதல் கிண்ணம், அந்தச் சுவிஸ் மலையூரில. அங்கையும் வெளியாள் ஒரு ரீம் வந்து விளையாடினது. ஒக்ஸ்போட்டில படிச்ச கனடாக்காரப் பெடியள். அவை சம்மேளனத்தில அங்கத்தவர் இல்லை. அதுக்கு என்ன செய்தவை எண்டால், அவையோட விளையாடின மட்சுகளைக் கணக்கில எடுக்காமல் விட்டவை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் செல்லும். கிண்ணம் செல்லும். இங்கிலாந்துக்குக் குடுத்தவை.

அந்த வரிக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு கோடு போட்டிருந்தனான். திகதியும் போட்டிருந்தனான். எப்பவும் போடுறனான். கூட்டத்துக்கு முதல் நாள் திகதி.

இல்லை, நீங்கள் அப்பிடிப் பாக்காதையுங்கோ. முதல் நாளே சற்குணம் மட்ச் முடிய அங்கை இங்கை நிண்டு புறுபுறுத்தவர், அதால ஆயத்தமா இருப்பம் எண்டு இரண்டையும் எடுத்து வைச்சனான். ஒரு செயலாளர் இரண்டு பக்கத்தையும் தெரிஞ்சு வைச்சிருக்க வேணுமெல்லோ?

பிள்ளை இரண்டு தாளையும் கையில கொண்டு குசினிக்குள்ள வந்தா. நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நிண்டனான்.

"இதையும் வாசிச்சனீங்களோ?" எண்டு கேட்டா.

"ஓம்."

"சபையில வாசிச்சனீங்களோ?"

"அதை ஆரும் கேக்கேல்லை" எண்டன்.

இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில பிடிச்சுப் பாத்தா. பிறகு மெல்லமாக் கேட்டா, கோபமாக்கூட இல்லை, சின்னப் பிள்ளையில கணக்குச் சொல்லிக் குடுக்கேக்கை கேக்கிற மாதிரி. "விளக்குக்காகவோ அப்பா?"

நான் இல்லை எண்டன். சத்தமாச் சொன்னன். கத்தியைக் கீழை வைச்சிட்டுச் சொன்னன். விளக்காம், விளக்கு. எனக்கென்ன விளக்கு? நான் பிறந்த நாளில இருந்து விளக்குக் காணாதவனே? சட்டம் எண்டால் சட்டம், பிந்தி வந்த தீர்ப்புத்தான் முந்தி வந்த தீர்ப்பை மேவும், பன்னிரண்டாம் ஆண்டு பத்தாம் ஆண்டுக்குப் பிறகு, அதுதான் வாசிச்சனான் எண்டு பிரசங்கமே வைச்சன். மனுசி அடுப்படியில நிண்டு தலையில கையை வைச்சா. பிள்ளை இரண்டு தாளையும் மேசையில வைச்சிட்டு, சான்றிதழை எடுத்துக்கொண்டு போனா. அண்டைக்குப் போனதுதான்.

சில நாள் யோசிக்கிறனான், ஓம் எண்டு சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு. ஓம் பிள்ளை, அந்தச் சிலிண்டரோட நிண்டது எனக்குச் சரியா நொந்து போச்சு எண்டு. ஒரு சொல்லு. அதைக் கேக்கத்தான் அவ நிண்டவ போலை. கலியாணத்துக்கு எனக்குக் காட் வந்தது, தபாலில, எல்லாருக்கும் போறமாதிரி. போனனான். சாப்பிட்டிட்டு வந்தனான். பேரனுக்கு இப்ப இரண்டு வயசு. மனுசி ரெலிபோனில படம் அனுப்புவா. என்னைப்போலை நாடியாம்.

களைச்சுப் போச்சு, தம்பி. உண்மையாக் களைச்சுப் போச்சு. சரி பிழை கதைச்சு எனக்கு இனி ஒண்டும் ஆகப்போறேல்லை. அவ ஒருக்கா மேலை பாத்தால் காணும். கையைக் காட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம். ஆரோ ஒரு மனுசன் இருக்குது எண்டு பாக்கிற மாதிரிப் பாத்தால் காணும். அதுக்குத்தான் சனிக்கிழமையளில இரண்டு பஸ் மாறி வாறன். ஆனா விளக்குக்காக இல்லை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேணும்.

இஞ்சை, ஆரோ வருது. ஒபிசில நிக்கிற பிள்ளை, மட்டையில தாளோட. குட் மோணிங், குட் மோணிங். ஓ... எல்லாருமோ? ஓகே, ஓகே.

தம்பி, விளங்கினதே? இண்டையில இருந்து புதுச் சட்டமாம். மேலை இருக்கிற பெரியாக்கள் எல்லாரும் பேர் எழுதி, எந்தப் பிள்ளையோட வந்தது, என்ன முறை எண்டும் எழுத வேணுமாம். சின்னப் பிள்ளையள் விளையாடுற இடமெல்லோ, ஆரும் வந்து குந்தி இருக்கக் கூடாதெல்லோ. நல்ல சட்டம். முந்தியே கொண்டு வந்திருக்க வேணும், நானா இருந்தால் முதல் நாளே கொண்டு வந்திருப்பன். பிள்ளையில்லாத ஆக்கள் வெளியில போக வேணுமாம். எழுதி முடியக் கோச் பாத்து ஒவ்வொரு பேருக்கும் ஒப்பம் வைப்பாவாம்.

நீங்கள் எழுதுங்கோ முதல்ல. பேனை இந்தாங்கோ.

நானோ? நான் என்னத்தை எழுதுறது? பிள்ளையின்ர பேர் நிரோஜா எண்டு எழுதலாம். பொய் இல்லை. அருளம்பலம், தகப்பன். ஆனா தாள் அவவிட்டைப் போகும். அவ பாத்துப்போட்டு, இவரைத் தெரியாது எண்டு வெட்டிவிட்டால்? இப்ப கதைக்கிறேல்லைத்தான், ஆனா இல்லை எண்டு அவ ஒரு நாளும் எழுத்தில சொன்னதில்லை. எழுத்தில வந்தால் பிறகு வந்ததுதான். எனக்குத் தெரியும் அது.

தம்பி, ஒரு உதவி. நீங்கள் எழுதின வரிக்குக் கீழை நானும் எழுதட்டோ? உங்கட பிள்ளையின்ர பேரைப் போட்டு, முறை எண்ட இடத்தில அப்பப்பா எண்டு, உங்கட தகப்பன் மாதிரி, போடுறன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. அவவும் அந்த வரியை வாசிச்சு ஒப்பம் வைச்சிடுவா, என்ர கையெழுத்து அவவுக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டும் வைப்பா எண்டு நினைக்கிறன். ஒரு சின்னப் பொய்தானே, ஆருக்கு என்ன நட்டம்? தாள்தானே.

அந்த ஒபிஸ் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது. கெதியாச் சொல்லுங்கோ, தம்பி. உங்கட பிள்ளைக்கு என்ன பேர்?